கீற்று வேயாத பந்தல்

சிகாகோ,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள ராஜு,

மே மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு ஜூலையில் பதில் எழுதுகிறேன் என்று நீ சொல்லிக்காட்டுவதற்கு முன்பே நான் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முழங்கால் பரவாயில்லை. மகளும் மருமகனும் நலம். பேத்தி ஒன்பதாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். இங்கே கோடை வெயில் என்று இவர்கள் அலுத்துக்கொள்வது நம் ஊர் மார்கழிப் பகலைத்தான். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில், ஒலிபெருக்கிக் குழாய்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடப் போவதாகவும், இடது காதுக்குக் கருவி வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்ததாகவும், ‘மைக் செட்டுக்காரனுக்கே ஒரு மைக் செட்டா’ என்று கேட்டு அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டதாகவும் ஒரே மூச்சில் எழுதியிருந்தாய். அதற்குச் சிரிப்பதா, உன்னைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டு மாதம் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று மாலை நடந்த ஒன்று எழுதியே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டது. உன் தொழிலைப் பற்றிய செய்தி இது. எனக்கு வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

இந்த நகரத்தின் நடுவில், ஏரியைப் பார்த்தபடி மில்லெனியம் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. கோடையில் பத்து வாரம், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் அங்கே முழு இசைக்குழு வாசிக்கிறது, காசு கிடையாது. மேடைக்கு அருகில் சில வரிசைகள் சந்தா கட்டியவர்களுக்கு; மீதி நாற்காலிகளிலும் பின்னால் விரிந்திருக்கும் புல்வெளியிலும் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நாற்காலி நாலாயிரம், புல்வெளியில் ஏழாயிரம் பேர் என்று கணக்கு. நுழைவாயிலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மகள் ஜமக்காளமும் புளியோதரையும் எடுத்து வந்திருந்தாள். பக்கத்துக் கூட்டத்தார் பாலாடைக்கட்டியும் திராட்சையும் பரப்பி, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒயின் புட்டியை எந்தக் கூச்சமும் இல்லாமல் திறந்தார்கள். கச்சேரி நாளில் அதற்கு அனுமதி உண்டாம். நம் சங்கரனுக்கு இதைச் சொல்லிவிடாதே. அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான்.

மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும்போது இங்கே பட்டப்பகல். பொழுது சாய எட்டரை ஆகும். மேடையைச் சுற்றி எவர்சில்வர் தகடுகள், வாழை மட்டையை உரித்து வளைத்துப் போட்டதுபோல நூற்றிருபது அடி உயரத்துக்குச் சுருண்டு நிற்கின்றன. ஃபிராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2004-இல் திறந்தார்கள். இதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஏரிக்கரை நிலத்தில் எந்தக் கட்டடமும் வராமல் என்றென்றும் திறந்த வெளியாக இருக்க வேண்டும் என்று 1836-ஆம் ஆண்டு வரைபடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் மான்ட்கோமரி வார்ட் என்ற வியாபாரி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 1890 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நகராட்சியோடு வழக்காடி அந்த இடத்தைக் காப்பாற்றினார். அப்படிப்பட்ட இடத்தில் நூற்றிருபது அடிக்கு எழுப்ப முடியாது அல்லவா? அதனால் இது கட்டடமே இல்லை, கலைப்பொருள் என்று பெயர் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். வாய்தா வாங்குவதில் நம் ஆட்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் ராஜு, நீ பார்க்க வேண்டியது மேடையை அல்ல, தலைக்கு மேலே இருப்பதை. நாற்காலிகளுக்கும் புல்வெளிக்கும் மேலாக அறுநூறு அடி நீளம், முந்நூறு அடி அகலத்துக்கு இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்துக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கிறார்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கல்யாணத்துக்கு மூங்கில் கட்டி முடித்து, கீற்று வேய ஆள் வராமல் விட்ட பந்தல் போல இருந்தது. மழை வந்தால் நனையத்தான் வேண்டும், வெயிலையும் தடுக்காது. பிறகு எதற்கு இந்தப் பந்தல் என்று யோசித்தபடி மல்லாந்து படுத்தேன். அப்போதுதான் அந்தக் குழாய்களில் இடைவெளி விட்டு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த பெட்டிகள் கண்ணில் பட்டன. அத்தனையும் ஸ்பீக்கர். அவற்றைத் தொங்கவிடுவதற்காகவே போட்ட பந்தல் அது.

மேடைக்கு இருபுறமும் மலைபோல அடுக்கி வைத்து முன்வரிசைக்காரனின் நெஞ்சைக் கிழிக்கிற வழக்கம் இல்லை. சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றும் தன் கீழே இருக்கும் கொஞ்சம் பேருக்கு மட்டும் கேட்கும் அளவில் முணுமுணுக்கின்றன. புல்வெளியின் கடைசியில் படுத்திருந்த எனக்கும், நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரே அளவுச் சத்தம். பக்கத்தில் பேத்தி மெல்லிய குரலில் கேட்ட கேள்விக்கு நான் மெல்லிய குரலிலேயே பதில் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டு உன் மேடைகளுக்குப் பின்னால் நின்றவன் நான். ஸ்பீக்கர் ஓடும்போது பேச்சுக் கேட்பது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு நினைவிருக்கும் என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நம் ஊர்த் தெப்பத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் மண்டபத்துத் திண்ணையில் விழாக் குழு கூட்டம் போட்டபோது நீ என்ன சொன்னாய்? “நாலு கரையிலும் நாலு பெரிய குழாய் கட்டினால் ஒலி ஒன்றோடொன்று மோதும். பன்னிரண்டு சின்னப் பெட்டி வாங்கித் தருகிறேன், எல்லாவற்றையும் ஒரே திசை பார்க்க வைத்து, சத்தத்தைக் குறைத்து வைப்போம்” என்றாய். சுண்ணாம்புக் கட்டியால் திண்ணையில் படம்கூடப் போட்டாய். பொருளாளர் என்ற பதவியின் முறுக்கில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்: “காசு கொடுக்கிறோம், ஊர் அதிர வேண்டாமா?” எல்லாரும் சிரித்தார்கள். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாய். பிறகு நாலு கரைக்கும் நாலு குழாய்தான் கட்டினாய்.

அன்று இரவு வித்வான் நாகஸ்வரத்தில் மோகன ராகம் வாசிக்க வாசிக்க, நாம் அதை நாலு முறை கேட்டோம். பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு சுரப் பிடி வந்து விழும். முக்கால் நொடி கழித்து எதிர்க்கரைக் குழாயிலிருந்து அதே பிடி தண்ணீர் மேல் மிதந்து வந்து, இங்கே அடுத்த பிடியின் மேல் ஏறி உட்காரும். வித்வான் இறங்கி வந்து என்னிடம், “நான் ஒரு தடவைதான் வாசித்தேன், நாலு சம்பளம் தருவீர்களா, வாத்தியாரே?” என்று கேட்டார். அதை நீ இன்றுவரை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரத்து நூறு அடி என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டவனுக்கு, குளத்தின் அகலத்தை அதால் வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நீ எட்டாவதோடு நின்றவன். உன் காதுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கணக்கைத்தான் இங்கே செய்திருக்கிறார்கள். மின்சாரம் கம்பியில் கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும். காற்றில் ஒலி நடந்துதான் வரும். மேடையிலிருந்து அறுநூறு அடி வருவதற்கு அரை நொடிக்கும் சற்று மேலே ஆகும். ஆகவே எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தால் நம் தெப்பத்தின் கதைதான். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு வரிசைப் பெட்டியையும் அதன் தூரத்துக்கு ஏற்றபடி தாமதப்படுத்துகிறார்கள். மேடையிலிருந்து நேராக வரும் ஒலி காதைத் தொட்ட பிறகு, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தள்ளித்தான் தலைக்கு மேலிருக்கும் பெட்டி வாய் திறக்கிறது. எது முதலில் வருகிறதோ அந்தத் திசையைத்தான் காது நம்பும்; பின்னால் வருவது சற்றுப் பலமாக இருந்தாலும் அதைத் தனி ஒலியாக எண்ணாது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் இதை ஆராய்ந்து எழுதினார், அவர் பெயராலேயே இந்த விளைவைக் குறிப்பிடுகிறார்கள். பெட்டிகளில் இரண்டு வகை. முன்னோக்கி நிற்பவை இந்த வேலையைச் செய்கின்றன. தரையைப் பார்ப்பவை, சுவரும் கூரையும் உள்ள அரங்கில் ஒலி பட்டுத் திரும்பும் அந்தக் கார்வையை உண்டாக்கித் தருகின்றன. சுவர் இல்லாத இடத்தில் சுவரைக் காதுக்கு மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

நான் சும்மா நம்பிவிடவில்லை. இடைவேளைக்கு முன்பு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டிக்கு நேர் கீழே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒலி மேலேயிருந்து வரவில்லை. எதிரே மேடையிலிருந்துதான் வந்தது. அப்படியே பக்கவாட்டில் பந்தலின் ஓரம் தாண்டி நடந்தேன். சட்டென்று எல்லாம் மெலிந்து, பிடில்கள் யாரோ வீட்டுக்குள் வாசிப்பதுபோல ஆகி, மிச்சிகன் சாலையில் போகும் தீயணைப்பு வண்டியின் சங்கு பெரிதாகிவிட்டது. திரும்ப உள்ளே ஓரடி வைத்தேன். இசை வந்து மூடிக்கொண்டது. உள்ளே, வெளியே, உள்ளே என்று நாலு தடவை செய்திருப்பேன். ஜமக்காளத்திலிருந்து மகள் கையசைத்து, “அப்பா, எல்லாரும் பார்க்கிறார்கள்” என்றாள். பார்க்கட்டும்.

என்ன வாசித்தார்கள் என்று கேட்பாய். இடைவேளைக்குப் பின் வந்தது த்வோர்ஷாக் என்ற செக் நாட்டு இசைமேதை 1893-இல் நியூயார்க்கில் இருந்தபோது எழுதி முடித்த சிம்பொனி. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இந்தச் சிகாகோவுக்கு உலகக் கண்காட்சிக்கு வந்து இசைக்குழுவை நடத்தியிருக்கிறார். அடுத்த மாதம்தான் விவேகானந்தர் இங்கே பேசினார். அந்தக் கட்டடம், இப்போது ஓவியக்கூடம், இந்தப் பூங்காவிலிருந்து சாலையைத் தாண்டினால் இருக்கிறது. அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாக வசூலித்துக் கொடுத்த காசில் கப்பலேறி வந்தவர் எட்டிய இடத்தை நான் புளியோதரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

அந்த சிம்பொனியில் இரண்டாவது பகுதி மிக மெதுவாகப் போகிறது. ஊதுகருவிகள் சேர்ந்து சில கனத்த சுரங்களை வைத்து அடங்கிய பிறகு, ஒரே ஒரு கருவி தனியாக எழுந்தது. ராஜு, அது நம் ஆள். அதன் பெயர் இங்கிலீஷ் ஹார்ன். ஆனால் இங்கிலாந்தையும் சேர்ந்ததில்லை, கொம்பும் இல்லை. பள்ளிக்கூடக் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் பேத்திதான் விளக்கினாள்: அவளுடைய கருவிக்கு ஒற்றை நாணல், இதற்கு இரண்டு நாணல் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய வாய். அதாவது நம் நாகஸ்வரத்துச் சீவாளி. தொடங்குவதற்கு முன் மொத்தக் குழுவுக்கும் சுருதி கொடுப்பதுகூட அதன் தங்கை ஓபோதான், அதற்கும் சீவாளிதான். பந்தலில் அவ்வளவு பெரிய கூட்டம் அந்தத் தனிக் குரலுக்கு அடங்கி உட்கார்ந்திருந்தது. அது வாசித்த முதல் வரியை உனக்கு எழுதுகிறேன், வாய்விட்டுப் பாடிப் பார்: க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி.

மோகனம். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஒரு நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டதால் மோகனம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நீயும் சும்மா விடமாட்டாய். ஆனால் அந்த முதல் வரியில் மத்தியமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. சீவாளியிலிருந்து வந்த அந்த வரி, திறந்த வெளியில், பொழுது சாயும் நேரத்தில், ஒரே ஒரு முறை கேட்டது. தெப்பத்தன்று நாலு கரையிலும் சிதறிப்போனது இங்கே ஒன்றாக வந்து சேர்ந்ததுபோல இருந்தது. பக்கத்தில் ஒயின் குடித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சைகை செய்தேன். இந்த ஊரில் கொசுவும் உண்டு, ஆகவே அது முழுப் பொய் இல்லை.

இதை இலவசமாக்கியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் உனக்குப் பகையாளி. ஜேம்ஸ் பெட்ரில்லோ என்று பெயர். அந்தக் காலத்தில் இந்த நகரத்து இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர். பேசும் படம் வந்ததும் திரையரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை போயிற்று. அதன் மேல் 1930-களின் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. வாசிப்பவனுக்குக் கூலியும் கேட்பவனுக்கு ஆறுதலும் கிடைக்கட்டும் என்று 1935-இல் பூங்காவில் இலவசக் கச்சேரிகளைத் தொடங்க வைத்தார். இன்றும் நகராட்சியும் பூங்காத் துறையும் நன்கொடையாளர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அதே மனிதர் பின்னாளில் நாடு முழுவதற்குமான சங்கத்தின் தலைவராகி, இசைத்தட்டு வந்தால் கலைஞன் பட்டினி என்று சொல்லி, 1942-இல் தன் ஆட்கள் யாரும் பதிவுக்கூடத்தில் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் அது நீடித்தது. கல்யாண வீட்டு வாசலில் விடியற்காலை நாலு மணிக்கு இசைத்தட்டு போட்டு ஊரை எழுப்பிய உன்னை அவர் பார்த்திருந்தால், உன் ரிக்கார்டுப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் விதி வந்தபோது நீ ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தாயே, அப்போது இவர் கதை தெரிந்திருந்தால் உன்னைச் சீண்டியிருப்பேன்.

சீண்டலை இங்கே நிறுத்துகிறேன். உன் இடது காது எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். நாற்பது ஆண்டு அந்தக் காதைக் குழாயின் பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றாய். மேடையிலிருந்து ‘ஏற்று, ஏற்று’ என்று நாங்கள் கைகாட்டுவோம். நீ திருகை ஏற்றுவாய். அப்படி அதிகம் கைகாட்டியவன் நான். சத்தத்தால் கெடும் காதுக்கு முதலில் போவது உச்சஸ்தாயியில் உள்ள கீச்சு ஒலிகள். பேச்சில் ச, த போன்றவை மங்கிப்போகும். அதனால்தான் போன பொங்கலுக்குத் தங்கை ‘சட்டை’ என்றதும் நீ கட்டையை எடுத்துக் கொடுத்தாய். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு இனிக்கவில்லை. புல்வெளியில் எங்களுக்கு முன்னால் உன் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் அவரைக் கொட்டை அளவுக்கு ஒரு கருவி. அந்த மெதுவான பகுதி தொடங்கும்போது விரல் நுனியால் அதில் எதையோ தொட்டுச் சரிசெய்தார். நீ பாடகர் மாறும்போது மிக்ஸரைத் தொடுவாயே, அதே தொடுதல், அதே தலைசாய்ப்பு. பதினோராயிரம் பேர் உட்காரும் இடத்தில் அவரிடம் இருந்ததும் ஒரு மைக் செட்தான். அவர் ஒருவருக்காக ஓடிக்கொண்டிருந்தது. சீட்டைக் கிழித்துவிட்டால் என்ன, மருத்துவரிடம் இன்னொரு சீட்டு இருக்கும். தங்கையிடம் நான் தனியாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

குழாய்களை எடைக்குப் போடு. அதற்கு நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் ஆம்ப்ளிஃபயர்களை மட்டும் நான் புரட்டாசியில் வரும்வரை பரண் மேலேயே வை. ஒலியைத் தாமதப்படுத்தும் கருவி இப்போது நம் கைக்கெட்டாத பொருள் இல்லை, சாதாரண டிஜிட்டல் மிக்ஸரிலேயே அந்த வசதி வருகிறது என்று மருமகன் சொல்கிறான். பன்னிரண்டு சின்னப் பெட்டிக்கு என் ஓய்வூதிய நிலுவையிலிருந்து தருகிறேன். பொருளாளராக இருந்து நான் மிச்சப்படுத்திய பணத்துக்கு இது வட்டி என்று வைத்துக்கொள். தை மாதத் தெப்பத்துக்கு ஒரு கரையில் மட்டும், நீ அன்று திண்ணையில் போட்ட படத்தின்படி கட்டிப் பார்ப்போம். உன் மகனும் கூட நிற்கட்டும். பையன் தொழிலை வெறுக்கிறான் என்கிறாய், அவன் வெறுப்பது அந்தச் சத்தத்தையாக இருக்கலாம்.

கணக்குப் போட்டுத் தருவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது, மண்டபத்துப் படியிலிருந்து அரசமரம் வரை எவ்வளவு தூரம், மரத்திலிருந்து வடகரைப் படித்துறை வரை எவ்வளவு என்ற இரண்டு எண்கள்தான். நேற்று கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மேடையருகிலிருந்து புல்வெளியின் கடைசி வரை நான் எட்டு வைத்து எண்ணினேன். இருநூற்றுச் சொச்சம் வந்தது. நீ அப்படிச் செய்யாதே. உன் எட்டு ஒருபோதும் ஒரே அளவாக இருந்ததில்லை. கயிறு பிடித்து அள.

அன்புடன்,
உன் வாத்தியார்